நல்பயணத்துக்கு ஒரு பூசை

கிரேஸ் கார்டனில் இருபத்திரண்டு வீடுகள். ஆள் குடியிருப்பவை நான்கு. மற்ற பதினெட்டில் பல்லிகள் குடியிருக்கின்றன. அந்தப் பல்லிகளைக் கண்காணிக்க அறுபத்துநான்கு கேமராக்கள்.

ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பில் பாதியை வெட்டி மனை போட்ட இடம் இது. வீடு கட்டியவர்கள் எல்லோரும் கத்தாரிலும் மஸ்கட்டிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வருவார்கள். அதில் பத்து நாள் மோட்டார் ரிப்பேர், பத்து நாள் ஏ.சி. ரிப்பேர், மீதிப் பத்து நாள் கல்யாண வீடுகளில் போய் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவது. பிறகு விமானம் ஏறிவிடுவார்கள். மார்பிள் தரையில் கால் வைத்து நடப்பது வருடம் முழுக்க நான் ஒருத்திதான்.

என் பெயர் சகாயசெல்வி. பதினோரு வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் திறந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, எல்லாக் குழாயிலும் தண்ணீரை ஓடவிட்டு, யாரும் உட்காராத சோபாவைத் துடைத்து, யாரும் படுக்காத மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டு வருவேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆறு வருடமாக இதுதான் தொழில். இதில்தான் மகள் லிடியாவை நர்சிங் படிக்கவைத்தேன்.

ஏழாம் நம்பர் வீடு ரொனால்டுடையது. தோகாவில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வீட்டுக் கேமராவில் ஸ்பீக்கர் உண்டு. நான் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருப்பேன். திடீரென்று மேலே இருந்து குரல் வரும்.

"செல்விக்கா, அந்த அலமாரிப் பக்கம் என்ன வேலை?"

"ஒட்டடை அடிக்கிறேன் தம்பி."

"அடிங்க அடிங்க. சும்மா கேட்டேன்."

முதல் தடவை பயந்து கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கொட்டிவிட்டேன். அப்புறம் பழகிவிட்டது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் டீக்குடித்துக்கொண்டே ஒரு மனிதன் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

காலனிக்குச் செயலாளர் ஆண்டனிராஜ். குவைத்தில் பதினெட்டு வருடம் கிடங்கில் சாமான் கணக்குப் பார்த்தவர். இங்கே வந்ததும் அட்மினிஸ்ட்ரேஷன் மேனேஜர் ஆகிவிட்டார். கழுத்தில் விசில் தொங்கும். காய்கறி வண்டிக்காரர் கேட்டுக்குள் வரவேண்டுமென்றால் ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும். கீரைக்காரம்மாவிடம் கைரேகை எடுக்கலாமா என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். வெண்டைக்காய் கொண்டுவருகிறவன்தான் வீட்டைக் கொள்ளையடிப்பான் என்பது இவர்களுடைய அசைக்கமுடியாத நம்பிக்கை.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு வருடத்துக்குள் காலனியில் இரண்டு வீடு திருட்டுப் போயிருந்தது. ஜனவரியில் மஸ்கட்காரர் வீடு, மே மாதம் கனடாக்காரர் வீடு. இரண்டு முறையும் கேமராவின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். வெளியே மாட்டிய கேமரா எல்லாம் வீட்டின் முன்பக்கம்தான். கேட், கார், போர்ட்டிகோ, வாசலில் வைத்த அந்தோணியார் சிலை, இவை வெளிநாட்டிலிருந்து பார்க்க அழகாகத் தெரிய வேண்டும். பின்பக்கம் குப்பை வாளியும் துணி துவைக்கிற கல்லும் மின்சார மீட்டர் பெட்டியும். அதை யார் பார்ப்பார்கள்?

இந்த ஆகஸ்டில் ரொனால்டும் அவன் மனைவி வினோலியாவும் லீவு முடிந்து கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் போயிருந்தேன். எங்கள் பங்குக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், நினைவுநாள், பரீட்சை, பயணம் என்று எதற்காக வேண்டுமானாலும் பூசைக்குக் கருத்துக் கொடுக்கலாம், இன்னாருடைய இன்ன வேண்டுதலுக்காக இந்தப் பூசை என்று. அதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பூசை தொடங்கும் முன் மைக்கில் வாசிப்பார். அந்த வாரத்துக் கருத்துகளை மொத்தமாகத் தாளில் எழுதி சனிக்கிழமையே கோவில் முகப்பில் உள்ள அறிவிப்புப் பலகையில் குத்தியும் வைப்பார்.

அன்றைக்கு ரொனால்டு எழுதிக் கொடுத்தது இது: "கிரேஸ் கார்டன், வீட்டு எண் ஏழைச் சேர்ந்த ரொனால்டு குடும்பத்தார், வருகிற செவ்வாய்க்கிழமை இரவு திருச்சியிலிருந்து தோகாவுக்கு மேற்கொள்ளும் விமானப் பயணம் நலமாக அமையவும், புதிதாகப் பெற்றுள்ள இரண்டு வருட ஒப்பந்தம் சிறக்கவும்."

ஆண்டவருக்கு வீட்டு நம்பர் தெரியாது என்று நினைத்திருப்பான். வாசித்தபோது நாலு பேர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவனும் அதற்காகத்தான் எழுதினான். வினோலியா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அப்போது வேறு நினைப்பு. செப்டம்பர் முதல் ஞாயிறு லிடியாவுக்கு முதல் ஓலை வாசிக்க வேண்டும். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று. மாப்பிள்ளை சித்தையன்கோட்டைப் பக்கம், கிளெமென்ட் என்று பெயர், ஸ்கூல் வாத்தியார். நல்ல பையன். அவன் அம்மாவுக்கு மட்டும் ஊர் என்ன சொல்லும் என்பதே மூச்சு.

செவ்வாய் அவர்கள் கிளம்பினார்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்கு நான் போய் வீட்டை ஒதுங்கவைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் மோட்டார் போடப் போனால் பின்கதவு பெயர்ந்து கிடந்தது. மாதா பீடத்துக்குப் பின்னால் பலகைக்குள் ஒளித்து வைத்திருந்த நகை மொத்தமும் காணோம். அங்கே நகை இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பேங்க் லாக்கரை நம்பாதவர்கள் மாதாவின் முதுகை நம்பியிருக்கிறார்கள்.

நான்தான் கத்தி ஆளைக் கூப்பிட்டேன். ஆண்டனிராஜ் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். திருடன் போய் ஆறு மணி நேரம் ஆன பிறகு எதற்கு விசில்?

திருடன் பின்சுவர் ஏறிக் குதித்து, முதல் வேலையாக மீட்டர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறான். அந்த வீட்டுக் கேமரா அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டன. அதனால் கேமராவில் கடைசியாகப் பதிந்த மனித உருவம், வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பையோடு வெளியே வருகிற நான். பையில் இருந்தது வினோலியா விட்டுப்போன பழைய நைட்டி இரண்டும் பாதி ஊறுகாய் பாட்டிலும்.

அந்த வீடியோவை ஆண்டனிராஜ் என் பையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். காலனி குழுவிலிருந்து பங்குக் குழுவுக்குப் போனது. அங்கிருந்து லிடியா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. ஏற்கெனவே திருட்டுப் போன இரண்டு வீட்டுச் சாவியும் என் கொத்தில்தான் இருந்தன என்பதை கனடாவிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து எழுதினார். அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். இவர்கள் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்துக்கு விடிய விடிய நின்று பிரியாணி அண்டா கழுவியவள் நான்.

ரொனால்டு போன் செய்தான். குரலில் அப்படி ஒரு கனிவு.

"செல்விக்கா, கஷ்டம்னா கேட்டிருக்கலாம்ல. நான் குடுத்திருப்பேன்ல."

"நான் எடுக்கல தம்பி."

"எடுத்தீங்கன்னு நான் சொல்லவே இல்லக்கா. கேட்டிருக்கலாம்னுதான் சொல்றேன்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு நேரே கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நான் அவனை மதித்திருப்பேன்.

இரண்டு நாள் காலையிலிருந்து மாலை வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஏட்டம்மா பொன்னழகு மத்தியானம் தன் டப்பாவிலிருந்து புளிச்சோறும் வெஞ்சனமும் எனக்கும் வைத்தாள். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், என் தங்கை வயது இருக்கும்.

"சாப்பிடுங்கக்கா. எடுத்தவங்களுக்குத் தொண்டையில சோறு எறங்காது. நான் பாத்திருக்கேன்" என்றாள். நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா செபாஸ்தியம்மாள் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு ஒங்க மேல சந்தேகமே கெடையாது சம்பந்தி. ஊரு வாய்தான். ஓலையைச் செத்த நாளு தள்ளிப் போட்டுக்கிடுவோம்."

"எம்புட்டு நாளு?"

"போலீஸு ஒரு முடிவு சொல்ற வரைக்கும். வர்ற ஞாயித்துக்கெழம மைக்ல ஒங்க பேர வாசிக்கிறப்போ எவளாவது சிரிச்சான்னா எம்மவன் தாங்க மாட்டான்."

தாங்கமாட்டாதது மகன் இல்லை, அவள்தான். லிடியா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அழவில்லை. "அவுங்க கொண்டாந்த பழத்த என்ன செய்யம்மா?" என்று மட்டும் கேட்டாள். என்னைத் திருடி என்றதைத் துடைத்துப் போட்டுவிடுவேன். என் மகள் கல்யாணத்தைத் தள்ளிவைக்க ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய ஒரு சிவப்பு வட்டம் போதுமாக இருந்ததே, அதை எப்படித் துடைப்பது?

அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் ஓலையை நிறுத்திவைக்கச் சொல்லக் கோவிலுக்குப் போனேன். உபதேசியார் பலகையில் குத்தியிருந்த தாளில் லிடியா பெயர் இருந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தார். அவர் உள்ளே போன பிறகும் நான் அந்தப் பலகை முன்னாலேயே நின்றேன். அடித்த கோட்டுக்கு அடியில் பெயர் நன்றாகத் தெரிந்தது.

எங்கள் உபதேசியாருக்குப் பழைய தாளைக் கழற்றும் வழக்கம் இல்லை. புதுத்தாளை அதன் மேலேயே குத்திவிடுவார். அதனால் பலகை ஒரு சாண் தடிமனில் புடைத்து நிற்கும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாளைத் தூக்கினேன். இரண்டு தாளுக்கு அடியில் ரொனால்டு, வீட்டு நம்பரோடு, கிழமையோடு, இரவு என்ற சொல்லோடு. கடகடவென்று தூக்கிக்கொண்டே போனேன். மே மாதத் தாளில் கனடாக் குடும்பம், "அனைவரும் ஒன்றாகப் புறப்படும் பயணம்." இன்னும் அடியில், ஜனவரித் தாளில், மஸ்கட்காரர்.

மூன்று வீட்டிலும், கருத்து வாசித்த வாரமே திருட்டுப் போயிருந்தது. பலகை முன்னால் நின்று நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அறுபத்துநான்கு கேமரா, பத்தடி கேட், கீரைக்காரம்மாவின் கைரேகை, எல்லாம் வைத்துப் பாதுகாத்துவிட்டு, வீடு எந்த ராத்திரியிலிருந்து காலி என்பதை எழுதிக் கொடுத்து மைக்கில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பொன்னழகுக்குப் போன் போட்டேன். அரை மணியில் வந்தாள். தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஏனுங்கக்கா, இதை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றாங்க?"

"ஊருக்கில்ல தாயி. கடவுளுக்கு."

"கடவுளுக்கு மைக்கு வேணுங்களா?"

அவள் நிமிர்ந்து முகப்பின் கூரையைப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கேமரா. போன வருடம் யாரோ உண்டியலை நெம்பியதற்குப் பிறகு சாமியார் மாட்டியது. பாதி நாள் அதன் மேல் புறா உட்கார்ந்திருக்கும். உண்டியலைப் பார்க்க வைத்தது, பக்கத்தில் இருந்த பலகையும் அதில் விழுந்தது.

பொன்னழகு சாமியாரிடம் கேட்டு அதன் பதிவை ஓடவிட்டாள். அதில் இருந்தான் அவன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஐம்பது வயது மதிக்கலாம். பார்த்தால் எழுந்து நின்று இடம் கொடுக்கத் தோன்றும். ரொனால்டு தாள் குத்திய சனிக்கிழமை மாலை வருகிறான், உண்டியலில் காசு போடுகிறான், நெற்றியில் சிலுவை வரைந்துகொள்கிறான், பிறகு போனை எடுத்துப் பலகையைப் படம் பிடிக்கிறான். அதற்கு முந்தைய சனிக்கிழமையும் அதேபோல். எங்கள் பங்கு ஆளே இல்லை. ஆனாலும் காசு போடாமல் படம் எடுக்கவில்லை. காலனிக்காரர்களைவிட அவன் மரியாதை தெரிந்தவன்.

நாலாம் நாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற லாரியில் மறுநாள் ஏறுவதாக இருந்தானாம். போனில் ஐந்து கோவில் பலகைகளின் படங்கள் இருந்தன. ரொனால்டின் நகையில் பெரும்பகுதி பையிலேயே இருந்தது.

"எப்பிடிடா வீட்டைக் கண்டுபிடிச்சேன்னு கேட்டேங்கக்கா" என்றாள் பொன்னழகு. "'அவங்களே சொன்னாங்கம்மா'ங்கறான். கோவமே வரலீங்க எனக்கு."

காலனிக் குழுவில் ஆண்டனிராஜ் இரண்டு காரியம் செய்தார். என் வீடியோவை அழித்தார். 'ஆண்டவருக்குத் தோத்திரம், நம் காலனியின் கண்காணிப்பு ஏற்பாடுகளால் திருடன் பிடிபட்டான்' என்று எழுதினார். அதற்கு முப்பத்தொரு பேர் கைகூப்பினார்கள். என் பெயர் அதில் எங்கும் இல்லை. திருடி என்று சொல்லும்போது மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் சகாயசெல்வி என்று எழுதத் தெரிந்தவர்கள் இவர்கள்.

மறுநாள் கேட்டில் என்னை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காத செல்வி. ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல. திங்கக்கெழமயில இருந்து வந்துரு. பதினோரு வீடும் தூசியா கெடக்கு."

நான் கொத்தை அவர் கையில் வைத்தேன்.

"எண்ணிக்கிடுங்க சார். பதினொண்ணு."

"என்ன செல்வி இது? பாக்கி வீட்டுக்கு யாரு போவா?"

"கேமரா இருக்குல்ல சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் விசில் சத்தம் கேட்கவில்லை.

செபாஸ்தியம்மாள் போன் செய்து, "நான்தான் மொதல்லயே சொன்னேன்ல சம்பந்தி, சந்தேகமே இல்லைன்னு" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன். மகளைக் கொடுக்கிற வீடு. ஆனால் ஒன்று சொன்னேன். "ஓலையில எம்பேரு முழுசா இருக்கணும் சம்பந்தி. எவளாவது சிரிச்சா நான் பாத்துக்கிடுறேன்."

ரொனால்டு நகையை அடையாளம் காட்ட ஒரு வாரம் அவசர லீவில் வந்தான். வந்தவன் நேரே சாமியாரிடம் போய் நன்றிப் பூசைக்குக் கருத்து எழுதிக் கொடுத்தான். சாமியார், "இனிமே தேதி எல்லாம் வேணாம் ரொனால்டு, பட்டதெல்லாம் போதாதா?" என்று கேட்டிருக்கிறார். "அதான் பிடிச்சாச்சே ஃபாதர்" என்றானாம். நாட்டில் மொத்தம் ஒரே திருடன்தான் என்று நினைத்துவிட்டான். சாமியாருக்காக 'இரவு' என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்துக் கொடுத்தான்.

நானும் ஒரு சீட்டு எழுதிக் கொண்டுபோனேன். சாமியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை இப்பிடியே வாசிக்கணுமாம்மா?"

"அந்த வீடியோ கோவில் குரூப்புல அப்பிடியேதான வந்துச்சு சாமி?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு உபதேசியாரிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. நான் வழக்கமாக உட்காரும் கடைசி வரிசையை விட்டு, முன்வரிசையில் லிடியா பக்கத்தில் உட்கார்ந்தேன். உபதேசியார் மைக்கைத் தட்டினார்.

"காணாமல்போன பொருட்கள் திரும்பக் கிடைத்ததற்கு நன்றியாகவும், வருகிற வியாழக்கிழமை தோகா திரும்பும் பயணம் நலமாக அமையவும், கிரேஸ் கார்டன், வீட்டு எண் ஏழு, ரொனால்டு குடும்பத்தார்."

அடுத்த சீட்டை எடுத்தார்.

"செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து, அந்தப் பழி நீங்கிய சகாயசெல்வி, இறைவனுக்கு நன்றியாக. அந்தப் பழியைச் சுமத்தி, இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லாத கிரேஸ் கார்டன் குடும்பங்கள் மனந்திரும்பவும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆண்டனிராஜ் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். அப்புறம் முதல் ஓலை. லிடியாவின் பெயரும் கிளெமென்டின் பெயரும் வாசித்து முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அழாதவள் அப்போது அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் பலகைப் பக்கத்தில் ரொனால்டு நின்றுகொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் வேலை ஆக வேண்டுமே.

"செல்விக்கா, கோவத்த எல்லாம் விடுங்க. சாவியக் குடுத்துட்டீங்களாமே. வியாழக்கெழமைக்கு அப்பறம் எங்க வீட்ட யாருக்கா பாத்துக்குவா?"

"அதான் மைக்ல சொல்லிட்டிங்கள்ல தம்பி" என்றேன். "கேட்டவுங்க வந்து பாத்துக்கிடுவாங்க."